மாடம் உயர்கிறது, யாருக்காக? ஆன்ஃபீல்டு மைதானமும் ரசிகர்களின் உரிமைக் குரலும்

2016 பிப்ரவரி 6. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூல், சண்டர்லாந்து அணிகள் மோதிக்கொண்டிருந்தன. லிவர்பூல் இரண்டு கோல்கள் முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் இருக்கைகளை விட்டு எழுந்து வெளியே நடந்தனர். அவர்கள் சென்றபின் சண்டர்லாந்து இரண்டு கோல்களை அடித்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது.

தம் அணி வென்றுகொண்டிருக்கும்போது ரசிகர்கள் ஏன் வெளியேறினர்? மைதானத்தின் முதன்மைப் பார்வையாளர் மாடம் அப்போது விரிவாக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அந்தப் புதிய மாடத்தின் மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்டு என்று கழக நிர்வாகம் சில நாள்களுக்கு முன் அறிவித்திருந்தது. அந்த எண்ணையே ரசிகர்கள் தம் எதிர்ப்பின் கடிகாரமாக்கினர். நான்கே நாள்களில் கழகத்தின் அமெரிக்க உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, விலை உயர்வைத் திரும்பப் பெற்றனர்.

இந்தச் சம்பவம் பெரும்பாலும் 'டிக்கெட் விலைப் போராட்டம்' என்றே நினைவுகூரப்படுகிறது. அதன் வேர்களோ ஆழமானவை. ஒரு மைதானத்தின் மாடத்தை இடித்துக் கட்டும்போது அங்கே யார் அமரலாம், யார் நிற்கலாம், யாருடைய வீடு இடிபடும், யாருடைய நினைவு காக்கப்படும், யார் முடிவெடுப்பது என்ற கேள்விகள் அனைத்தும் ஒருசேர எழுகின்றன. ஆன்ஃபீல்டின் வரலாறு இக்கேள்விகளுக்கு ரசிகர்கள் தந்த விடைகளின் வரலாறாகவும் இருக்கிறது. அந்த விடைகள் ஒரே குரலில் ஒலித்ததில்லை என்பதே அதிலிருந்து நாம் கற்கவேண்டிய முதற்பாடம்.

ஒரு மேட்டின் பெயர்

ஆன்ஃபீல்டின் மிகப் புகழ்பெற்ற பகுதி 'ஸ்பியன் காப்' என்னும் மாடம். சுருக்கமாக 'காப்'. 1906இல் கட்டப்பட்டு, 1928இல் கூரை வேயப்பட்ட அந்த மாபெரும் படிக்கட்டு மேடையில் இருக்கைகள் கிடையாது. ஒரு காலத்தில் 25,000க்கும் மேற்பட்டோர் தோளோடு தோள் உரச நின்று ஆட்டம் பார்த்தனர். துறைமுகத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் குறைந்த கட்டணத்தில் நுழைய முடிந்த இடம் அது. அங்கிருந்து எழுந்த பாடல் அந்நகர உழைக்கும் வர்க்கத்தின் குரலாகக் கருதப்பட்டது.

அந்தப் பெயர் வந்த வழி நம் கவனத்திற்குரியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள ஒரு மலை ஸ்பியன் காப். 1900 ஜனவரியில், போயர் போரின்போது அங்கே நடந்த சண்டையில் பிரித்தானியப் படை தோற்றது. மாண்டவர்களில் லங்காஷயர் படைப்பிரிவுகளைச் சேர்ந்தோர் பலர். லிவர்பூல் அப்போது லங்காஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த நகரம். தம் மண்ணின் இறந்தோரை நினைவுகூர, செங்குத்தான மேட்டில் எழுந்த அந்த மேடைக்கு அவ்வூர் மக்கள் அப்பெயரை இட்டனர்.

அதே மலையடிவாரத்தில் காயமுற்ற வீரர்களைத் தூளிகளில் சுமந்து சென்றவர்கள் இந்தியர்கள். காந்தி முன்னின்று திரட்டிய ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட மருத்துவ உதவிப் படையில் சுமார் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். 1860 முதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் கணிசமானோர். வீரர்களின் நினைவு ஒரு கால்பந்து மாடத்தின் பெயராக உலகெங்கும் ஒலிக்கிறது. அவர்களைச் சுமந்த தோள்களுக்கு அப்பெயரில் இடமில்லை. பொது நினைவு என்பது எப்போதும் தேர்ந்தெடுக்கப்பட்ட நினைவே.

பழைய காப்பைப் பற்றிய ஏக்கத்தையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். 'அன்று எல்லோரும் ஒன்றாக நின்றோம்' என்று மூத்த ரசிகர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்த 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் அடங்காதவர்களும் அந்நகரில் வாழ்ந்தனர். லிவர்பூலின் கறுப்பின மக்கள் பல தலைமுறைகளாக டாக்ஸ்டெத் பகுதியில் வாழ்ந்தவர்கள். ஆயினும் லிவர்பூல் அணிக்காக ஆடிய முதல் கறுப்பின வீரரான ஹோவர்டு கேல் களமிறங்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டாக்ஸ்டெத்தில் பிறந்தவர் அவர். 1970களிலும் 80களிலும் இங்கிலாந்து மைதானங்களின் நின்று பார்க்கும் மேடைகளிலிருந்து நிறவெறிக் கூச்சல்கள் எழுவது வழக்கமாக இருந்தது. பிரித்தானியப் பேரரசின் பெயர் தாங்கிய விருதை 2016இல் ஏற்க மறுத்தபோது, அப்பேரரசின் அடிமை வரலாற்றையே கேல் காரணமாகச் சுட்டினார். பழைய மேடையைப் போற்றுவோர், அங்கே அச்சமின்றி நிற்க முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்றும் கேட்டாக வேண்டும்.

நிற்பதா, அமர்வதா?

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி ஆட்டம் நடந்தது. கம்பிவேலி சூழ்ந்த படிக்கட்டு மேடைக்குள் அளவுக்கு மீறி மக்கள் அனுமதிக்கப்பட்டதால் ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினர். பின்னாளில் இறந்தோரையும் சேர்த்து 97 உயிர்கள் பலியாயின. காவல்துறையும் சில நாளிதழ்களும் பழியை ரசிகர்கள்மீதே சுமத்தின. காவல்துறை கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியதே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லரின் விசாரணை அவ்வாண்டே கூறியது. இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர், ரசிகர்கள்மீது தவறில்லை என்று மரண விசாரணையின் நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 ஏப்ரல் வரை, 27 ஆண்டுகள் ஆயின. ஏழைகள் இறந்தால் முதலில் அவர்களே குற்றவாளிகளாக்கப்படுகிறார்கள் என்பதற்கு இது மறக்கவியலாத சான்று.

டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வெளிவந்தது. பெரிய மைதானங்கள் அனைத்தும் முழுவதும் இருக்கைகள் கொண்டவையாக மாற வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அந்த அறிக்கையின் மற்றொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. இருக்கை வந்தால் விலை ஏறும் என்ற அச்சத்தை டெய்லர் எடுத்துக்கொண்டு, நின்று பார்ப்போரின் கைக்கு எட்டும் விலையில் மலிவான இருக்கைகளை வைக்க முடியும் என்றார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நிற்க 4 பவுண்டு, அமர 6 பவுண்டு என்ற கட்டணத்தை எடுத்துக்காட்டாகக் காட்டினார். அரசு இருக்கைப் பரிந்துரையைக் கட்டாயமாக்கியது. விலை பற்றிய அறிவுரையைக் கழகங்களின் விருப்பத்திற்கு விட்டுவிட்டது. பாதுகாப்பின் பெயரால் செய்யப்பட்ட மாற்றம், ஏழை ரசிகரை மெல்ல மெல்ல வெளியேற்றும் கருவியாகவும் ஆனது.

1994 ஏப்ரல் 30 அன்று நின்று பார்க்கும் காப்பின் கடைசி ஆட்டம் நடந்தது. பின்னர் மேடை இடிக்கப்பட்டு, ஏறத்தாழ 12,400 இருக்கைகளுடன் புதிய காப் எழுந்தது. அப்போதிருந்தே ரசிகர்கள் இரு கருத்தாக நின்றனர். அமர்ந்து பாடுவது பாட்டாகாது, கூட்டாக நிற்பதே கால்பந்தின் உயிர் என்றது ஒரு தரப்பு. தம் பிள்ளைகளை நெரிசலில் பறிகொடுத்த குடும்பங்களின் அமைப்பு, நிற்பதற்கு இனி ஒருபோதும் இடம் தரக்கூடாது என்றது. இரண்டுமே மெய்யான வேதனையிலிருந்து பிறந்த நிலைப்பாடுகள்.

இந்த முரணை ரசிகர் அமைப்பு கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2008இல் தொடங்கப்பட்ட 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி' என்ற ரசிகர் சங்கம் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை. பாதிக்கப்பட்ட குடும்பங்களோடும் உயிர் பிழைத்தோரோடும் பேசிய பின்னரே 2017இல் வாக்கெடுப்பு நடத்தியது. அதில் பங்கேற்ற சுமார் 18,000 பேரில் 88 சதவீதத்தினர், ஒவ்வொருவருக்கும் தனியிடமும் முன்னே கம்பித் தடுப்பும் கொண்ட 'கம்பி இருக்கை' முறையை ஆதரித்தனர். 2021இல் காப்பிலும் ஆன்ஃபீல்டு சாலை மாடத்திலும் அத்தகைய இருக்கைகள் பொருத்தப்பட்டன. 2022-23 சீசன் முதல் இங்கிலாந்தின் முதலிரு பிரிவுகளிலும் உரிமம் பெற்ற இடங்களில் பாதுகாப்பாக நின்று பார்க்க அரசு அனுமதித்தது. துயருற்றோரை ஓரங்கட்டாமல், அவர்களோடு அமர்ந்து பேசி வந்தடைந்த முடிவு என்பதால்தான் அதற்கு மதிப்பு.

இடிபட்ட வீதிகள்

ஆன்ஃபீல்டு ஒரு குடியிருப்புப் பகுதியின் நடுவே நிற்கிறது. மைதானத்தின் சுவரை ஒட்டியே நெருக்கமான தொழிலாளர் வீடுகளின் வரிசைகள். எனவே மாடத்தை உயர்த்த வேண்டுமென்றால் வீதி போக வேண்டும்.

முதலில் போனது கெம்லின் சாலை. அங்கிருந்த மாடத்தின்மேல் இரண்டாம் தளம் எழுப்பக் கழகம் வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. இரு முதிய சகோதரிகள் மட்டும் தம் வீட்டை விற்க மறுத்து, சுற்றிலும் காலியான வீதியில் 1990 வரை வாழ்ந்தனர். அவர்கள் சென்ற பிறகே பணி தொடங்கி, 1992இல் மாடம் திறக்கப்பட்டது.

பின்னர் லோத்தேர் சாலை. முதன்மை மாடத்தின் பின்புறம் இருந்த இவ்வீதியின் வீடுகளை 1990களின் நடுப்பகுதி முதல் கழகம் வாங்கத் தொடங்கியதும், வாங்கிய வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடந்ததும் 2013இல் பத்திரிகைகளில் விரிவாக வெளிவந்தன. பூட்டிய வீடு பக்கத்து வீட்டின் மதிப்பையும் குறைக்கும், குப்பை சேரும், தீவைப்பும் திருட்டும் வரும், எஞ்சியிருப்போர் கிடைத்த விலைக்கு விற்க நேரும். அப்பகுதியின் சீரழிவுக்குக் கழகமே காரணம் என்று குடியிருப்போர் குற்றஞ்சாட்டினர். இடையில் ஸ்டான்லி பூங்காவில் முற்றிலும் புதிய மைதானம் கட்டப்படும் என்ற வாக்குறுதியும் வந்தது. 2007இல் கழகத்தை வாங்கிய இரு அமெரிக்க முதலாளிகள் 60 நாள்களில் மண் தோண்டப்படும் என்றனர். மண் தோண்டப்படவேயில்லை, கழகம் கடனில் மூழ்கி, 2010இல் இன்றைய உரிமையாளர்களின் கைக்கு மாறியது. மைதானம் நகருமா, நிற்குமா என்று தெரியாமலேயே வீதி ஆண்டுக்கணக்கில் அழுகியது.

2012இல் ஆன்ஃபீல்டிலேயே நீடிப்பதென்று முடிவானபோது பெரும்பாலான ரசிகர்கள் மகிழ்ந்தனர். 'நம் வீட்டை விட்டுப் போகவில்லை' என்பது அவர்கள் உணர்வு. அந்த 'வீடு' நிலைக்க வேண்டுமென்றால் மெய்யான வீடுகள் இடிபட வேண்டியிருந்தது. எஞ்சிய உரிமையாளர்களோடு பேரம் நடந்தது. கட்டாயக் கையகப்படுத்தும் அதிகாரம் மாநகராட்சியின் கடைசி ஆயுதமாகப் பின்னால் நின்றது. வீடுகள் தரைமட்டமாயின. 2016 செப்டம்பரில், சுமார் 8,500 கூடுதல் இருக்கைகளோடு முதன்மை மாடம் திறந்தது. மைதானத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 54,000 ஆனது.

குடியிருப்போர் வெறும் பார்வையாளர்களாகவே இருந்துவிடவில்லை. மைதானத்தின் எதிரே மூடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய ரொட்டிக் கடை இடிபடவிருந்தபோது, அப்பகுதி மக்கள் கூட்டுறவு அமைத்து அதை மீட்டனர். 'ஹோம்பேக்டு' என்ற பெயரில் இயங்கும் அக்கடை ஆட்ட நாள்களில் ரசிகர்களுக்கே உணவு விற்கிறது. வளர்ச்சி என்றால் இடிப்பது மட்டுமே என்ற வாதத்திற்கு அது உயிருள்ள மறுப்பு.

77 பவுண்டின் பொருள்

புதிய மாடத்தின் டிக்கெட் விலைக்கு வருவோம். எதிர்ப்புக்கு நிர்வாகம் சொன்ன விடை எளிமையானது: 77 பவுண்டு சில இருக்கைகளுக்கு மட்டுமே, 9 பவுண்டுக்கும் சில டிக்கெட்டுகள் உண்டு. கணக்கின்படி அது பொய்யில்லை. ஆனால் சில மலிவு இருக்கைகளைக் காட்டி மொத்த வருவாயை உயர்த்துவது, ஒரு கையால் சலுகை தந்து மறுகையால் உரிமையைப் பறிப்பதாகும் என்று ரசிகர்கள் கண்டனர். உயர்ந்த விலை சீசன் டிக்கெட் முதன்முறையாக 1,000 பவுண்டைத் தாண்டவிருந்தது. அதே வேளையில், 2016 முதல் மூன்று சீசன்களுக்கான உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை 500 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருந்தது பிரீமியர் லீக். கழகங்களின் கல்லா நிறைந்து வழியும் நேரத்தில் ரசிகரின் சட்டைப்பைக்குள் கைவிட வேண்டிய தேவை என்ன என்பதே கேள்வி.

இதிலும் ரசிகர்கள் ஒருமனதாக இல்லை. அணி வலுப்பெறப் பணம் வேண்டும், பெரிய மாடமும் உயர்ந்த வருவாயும் இன்றி மான்செஸ்டர், லண்டன் கழகங்களோடு போட்டியிட முடியாது என்று வாதிட்டோர் உண்டு. சீசன் டிக்கெட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்போர், எந்த விலையானாலும் கூடுதல் இருக்கை வந்தால் போதும் என்றனர். உணவு, பானம், தனி அறையோடு விற்கப்படும் 'விருந்தோம்பல்' இருக்கைகளே மற்றவர்களின் டிக்கெட்டை மலிவாக வைக்க உதவுகின்றன என்பது இன்னொரு வாதம். உள்ளூர் இளைஞர்களின் இடத்தைச் சுற்றுலாப் பயணிகளும் பெருநிறுவன விருந்தினர்களும் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அதற்கு எதிர்வாதம். மாற்றுத்திறனாளி ரசிகர்களுக்கோ புதிய மாடம் என்பது நெடுநாள் மறுக்கப்பட்ட அடிப்படை வசதி. சக்கர நாற்காலிக்கான இடமும் மின்தூக்கியும் பழைய கட்டடங்களில் அரிது. அணுகல் விதிகளை 2017 ஆகஸ்டுக்குள் நிறைவேற்றுவதாகப் பிரீமியர் லீக் கழகங்கள் 2015இல்தான் உறுதியளித்தன. பழையதைக் காப்பது முற்போக்கு, புதியதைக் கட்டுவது வணிகம் என்ற எளிய பிரிவினை இங்கே செல்லாது.

இத்தனை கருத்து வேறுபாடுகளுக்கிடையிலும் 77ஆவது நிமிடம் வென்றதற்குக் காரணம் அமைப்பு. 'ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி', காப்பின் கொடிகளைத் தயாரிக்கும் 'ஸ்பியன் காப் 1906' ஆகிய இரு குழுக்களும் ஒரு தெளிவான கோரிக்கையையும், யாரும் எளிதில் பங்கேற்கக்கூடிய ஒரு செயலையும் முன்வைத்தன. விளைவாக உச்ச விலை 59 பவுண்டிலேயே உறைந்தது. அடுத்த மாதமே, வெளியூர் ரசிகர்களின் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு விதிக்கப் பிரீமியர் லீக் கழகங்கள் உடன்பட்டன. நாடு முழுவதும் ரசிகர் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் நடத்திய பரப்புரையின் கனி அது.

நாற்காலி யாருக்கு?

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பணக்காரக் கழகங்கள் சில சேர்ந்து தனி 'சூப்பர் லீக்' தொடங்க முயன்றபோது, ரசிகர்களின் சீற்றத்தால் அத்திட்டம் இரண்டே நாள்களில் சரிந்தது. அதன் பின்னர் லிவர்பூலில் ரசிகர் வாரியம் அமைக்கப்பட்டு, முக்கிய முடிவுகளில் நிர்வாகம் அதனோடு கலந்து பேச வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. ஆன்ஃபீல்டு சாலை மாடத்தின் விரிவாக்கம் 2024இல் நிறைவுபெற்றுக் கொள்ளளவு 61,000ஐத் தாண்டியது. அவ்வாண்டே கலந்து பேசாமல் விலையை 2 சதவீதம் உயர்த்தியபோது, அட்டலாண்டா அணியுடனான ஆட்டத்தில் காப் தன் கொடிகளை விரிக்க மறுத்தது. கொடியற்ற காப் எவ்வளவு வெறுமையானது என்று தொலைக்காட்சியில் உலகமே கண்டது. 2025இல் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டம், கழகங்கள் ரசிகர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும், சொந்த மைதானத்தை விற்க ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்றும் விதிக்கிறது.

இவை மெய்யான வெற்றிகள். ஆயினும் ஒரு நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது. ரசிகரைக் கலந்தாலோசிக்கச் சட்டம் வந்தது. மைதானத்தின் நிழலில் வாழ்வோர் அந்தப் பட்டியலில் இல்லை. டிக்கெட் வாங்குபவருக்குக் குரல் கிடைத்த அளவுக்கு, வீதியை இழந்தவருக்குக் கிடைக்கவில்லை. கோரிக்கை நியாயமானதாக இருந்தும் லோத்தேர் சாலை தோற்றது. 77 பவுண்டு எதிர்ப்பு வென்றது. ஒன்றில் 10,000 பேர் ஒரே நிமிடத்தில் எழுந்தனர். மற்றொன்றில் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே, மூடிய கதவுகளுக்குப் பின்னே, பேரம் பேச வைக்கப்பட்டது. மக்களைப் பிரித்து ஒவ்வொருவராகக் கையாளுவதே வெளியேற்றத்தின் வழிமுறை. எங்கும் அது இவ்வாறே நிகழ்கிறது.

இந்த இடைவெளியை உணர்ந்தவர்களும் ரசிகர்களிடையே உண்டு. 2015இல் லிவர்பூல், எவர்ட்டன் ஆகிய இரு எதிரணிகளின் ரசிகர்களும் இணைந்து 'ஃபேன்ஸ் சப்போர்ட்டிங் ஃபுட்பேங்க்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினர். ஆட்ட நாள்களில் மைதான வாசலில் உணவுப் பொருள்களைத் திரட்டி, சுற்றுப்புறத்தின் பசித்த வீடுகளுக்கு அது அனுப்புகிறது. இங்கிலாந்தின் மிக வறிய பகுதிகளில் ஒன்றாக ஆன்ஃபீல்டு இருப்பதும், அதன் நடுவே பல நூறு கோடி பவுண்டு மதிப்புள்ள கழகம் இருப்பதும் தற்செயல் என்று அவர்கள் எண்ணவில்லை. பசி தொண்டுக்குரிய பொருள் மட்டுமன்று, அது அரசியல் கேள்வி என்பது அவர்கள் நிலைப்பாடு.

எந்த நகரிலும் ஒரு பொதுக் கட்டடம் இடித்துக் கட்டப்படும்போது அதன் வரைபடத்தைப் பார்ப்பதற்குமுன் நாம் மூன்று பட்டியல்களைக் கேட்க வேண்டும். முன்பு உள்ளே இருந்தோரில் இனி யாரால் நுழைய முடியாது? முன்பு நுழைய முடியாதவருக்குப் புதியதில் இடம் உண்டா? சுவருக்கு வெளியே வாழ்வோர் எதை இழக்கிறார்கள், அந்த இழப்பை அவர்கள் தனித்தனியே சுமக்கிறார்களா, சேர்ந்து எதிர்கொள்கிறார்களா? ஆன்ஃபீல்டின் ரசிகர்கள் முதல் கேள்விக்குப் போராடி விடை பெற்றனர். இரண்டாவதற்குப் பாதி விடை கிடைத்திருக்கிறது. மூன்றாவது கேள்வியை ரசிகரும் குடியிருப்போரும் ஒரே அணியாக நின்று கேட்கும் நாளில்தான், மாடம் உயர்வதை நாம் வளர்ச்சி என்று அழைக்க முடியும்.